இரண்டு மிளகின் எடை

யூனிட்டில் எல்லோரும் அவரை டார்ச் மேடம் என்றுதான் சொல்வார்கள். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் டார்ச்சு. கறிமேல் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்ததால் வந்த பெயர். மனுஷர்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்பதால் அது ஒட்டிக்கொண்டது.

இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற வழியில் இருக்கிறது எங்கள் யூனிட். ஆட்டுக்கறியைக் கொத்துக்கறியாக்கி, உறையவைத்து, பாக்கெட் போட்டு அனுப்புகிற இடம். பாதி வளைகுடாவில் ஒரு வியாபாரிக்குப் போகும், பாதி கல்லூரி விடுதிகளுக்கு. நான் அங்கே சோதனைக்கூடத்தில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். என்னுடையது பழைய முறை. ஐந்து கிராம் கறியை அலுமினியத் தட்டில் பரப்பி ஓவனில் பதினாறு மணி நேரம் காயவிட வேண்டும். மறுநாள் எடுத்து எடை போட்டு, குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவும் தண்ணீர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கொழுப்புக்குத் தனியாக ஒரு நாள். புரதத்துக்கு அமிலத்தில் வேகவைத்து இன்னொரு நாள். கறி லாரியில் ஏறிப் போன பிறகுதான் என் விடை வரும்.

அந்த இயந்திரம் வந்ததும் எல்லாம் ஒரு நிமிஷத்து வேலையாகிவிட்டது. அரைத்த கறியைக் கண்ணாடி வட்டிலில் நிரப்பி உள்ளே வைத்தால், சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று அதன்மேல் பாயும். தண்ணீர் அந்த ஒளியை ஒரு விதமாகக் குடிக்கும், கொழுப்பு வேறு விதமாக, புரதம் இன்னொரு விதமாக. குடித்தது போக மிஞ்சித் திரும்பி வருகிற ஒளியை வைத்து, மூன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். அதை இயக்க வந்தவர்தான் அவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், பதவியில் எனக்கு மேலே. நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

வந்த முதல் வாரமே அரவைப் பிரிவு முருகேசன் ஒரு தட்டு கறியோடு வந்து நின்றார்.

“ரெண்டு தடவை அரைச்சாச்சு மேடம். வெண்ணெய் கணக்கா இருக்கு பாருங்க.”

மேடம் கரண்டியால் புரட்டினார். “இங்கிட்டு ஒரு கொழுப்புத் துணுக்கு கெடக்கு பாருங்க. இது கண்ணாடியை ஒட்டி விழுந்தா கறியே கொழுப்புன்னு காட்டும். அங்கிட்டு உள்ள போயிருச்சுன்னா கொழுப்பே இல்லேன்னு காட்டும். மறுபடி அரைங்க.”

“லாரி நிக்குது மேடம்.”

“நிக்கட்டுங்க.”

குரல் உயரவில்லை. ஒருநாளும் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூட முருகேசன் பதிலுக்கு முணுமுணுத்துவிட்டு ஆறியிருப்பார். இவர் கோபப்படவும் மாட்டார், சமாதானமாகவும் மாட்டார். கண்ணாடியில் விரல் ரேகை பட்டிருந்தால் மறுபடி துடைக்க வேண்டும். கறி அதிகமாகச் சில்லிட்டிருந்தால், வெப்பமானியைச் செருகிவிட்டுப் பொறுமையாக நிற்பார். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒருமுறை திரையில் தண்ணீர் எழுபத்தைந்து புள்ளி ஆறு என்று வந்தது. பேக்கிங் சூப்பர்வைசர், “எழுபத்தஞ்சரைன்னு போட்டுக்கலாமா மேடம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் நிஜமாகவே தேடுவதுபோலத் திரையைப் பார்த்தார். “அரை எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே” என்றார்.

சாப்பாட்டு அறையிலும் அதே ஆள்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பேச்சுவாக்கில் கேட்டாள்: “வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காராமே மேடம், எப்ப வாராரு?”

“வரமாட்டாருங்க. அங்க வேற ஒருத்தவங்களோட குடும்பம் நடத்துறாரு.”

கேட்டவள் கையைப் பிசைந்துகொண்டு, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். இவர் தயிர்சோற்றில் இருந்த மிளகாயை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார். அவருக்கு அழுகை இல்லாமல் இல்லை. ஒரு தடவை குளிரறையிலிருந்து வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். “என்ன மேடம்?” என்றேன். “அழுதேன்க்கா” என்றார்.

என் மகளுக்குக் காது குத்தியபோது அவரைக் கூப்பிட்டிருந்தேன். அன்னவாசலிலிருந்து பஸ் ஏறி, மகளுக்கு ஒரு கவுனோடு வந்தார். கிடா ஏற்பாடு என் கொழுந்தனார் பொறுப்பு. கொடும்பாளூர்ப் பக்கம் நேரில் போய் வெள்ளாட்டுக் கிடாவாகப் பார்த்துப் பிடித்து வந்ததாக நாலு நாளாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பந்தியில் அவரே கறி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் முன்னால் நின்றார்.

“கறியாலேயே பொழைக்கிற ஆளுங்க நீங்க. சொல்லுங்க மேடம், எப்படி நம்ம வெள்ளாட்டுக் கறி?”

“இது செம்மறிங்க.”

பந்தி அப்படியே நின்றது. கொழுந்தனார் சிரிக்கப் பார்த்தார். “வெளையாடாதீங்க மேடம்.”

“இல்லைங்க. எலையில கொழுப்பு எப்படி ஒறைஞ்சு நிக்குது பாருங்க. வெள்ளாட்டுல இம்புட்டுக் கொழுப்பு நிக்காது.”

என் மாமியார் கொழுந்தனாரைப் பார்த்த பார்வையில், அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதன்பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், அந்தப் பொம்பளையை யார் கூப்பிடச் சொன்னது என்று. மறுநாள் யூனிட்டில் நான் அவரிடம், “ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“அவரு கேட்டாருல்லக்கா.”

அவ்வளவுதான். என்னை நோகடிக்க வேண்டும் என்ற எண்ணம் துளிகூட அந்த முகத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இன்னொரு நாள், புரதச் சோதனைக்கு வைத்திருந்த அமிலம் என் வலது கையில் தெறித்துவிட்டது. நான் அலறிய அலறலில் மற்றவர்கள் விலகி ஓட, இவர் ஓடி வந்து என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தண்ணீரிலிருந்து எடுக்கவே விடவில்லை. கம்பெனி வேனில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். கட்டுப் போட்ட பிறகு இட்லி வாங்கி வந்து, பிட்டுப் பிட்டு என் வாயில் ஊட்டினார். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். அன்று மாலையே உட்கார்ந்து விபத்து அறிக்கையும் எழுதினார். அதில் ஒரு வரி: கையுறை அணியவில்லை. அது உண்மைதான். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு மெமோ வந்தது.

ஊட்டிய கையும் எழுதிய கையும் ஒன்றுதான் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெளியே சிரித்தேன். உள்ளே எதையோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைதோறும் ஒரு வேலை உண்டு. பத்துக் கறி மாதிரிகளை அவர் இயந்திரத்தில் பார்த்துவிட்டு, அதே கறியை என்னிடம் தருவார். நான் ஓவனில் காயவைத்து என் அளவைச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். இயந்திரம் தொடர்ந்து கூட்டியோ குறைத்தோ காட்டினால், அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஓர் எண்ணை மாற்றினால் அதற்குப் பிறகு வருகிற எல்லா அளவும் மாறும். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான்.

“மெஷினுக்குத் தானா ஒண்ணும் தெரியாதுக்கா” என்பார். “நீங்க காய வெச்சு சொன்னதைத்தான் அது படிச்சு வெச்சிருக்கு. நீங்க தப்புன்னா அதுவும் தப்பு.”

கறி மிருதுவாக இருக்கும் என்று சொல்லி ஒரு பெரிய உருட்டு டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குள் கறியையும் உப்புத் தண்ணீரையும் போட்டு உருட்டினால், கறி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அந்த வாரமே இயந்திரம் ஒப்பந்தத்தில் உள்ள வரம்பைத் தாண்டிக் காட்டியது. அவர் மூன்று பேட்ச்சை நிறுத்தி வைத்தார். மேனேஜர் இரண்டு முறை சோதனைக்கூட வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தப் பொம்பளைக்கிட்ட நான் பேச முடியாது. பேசினா, பேசினதையும் எழுதி வெச்சிரும். நீ பழைய ஆளு. ஒன் ஓவன் என்ன சொல்லுதோ அதைத்தானே அந்த மெஷினு கேக்கும்?”

மேஜைமேல் கிடந்த ஒரு ஃபைலைத் தட்டினார்.

“ரெண்டு புள்ளி கொறைச்சு எழுது. அவ்வளவுதான். தண்ணிதானே, வெசமா? யாரு சாகப்போறா? ஒன் பெர்மனென்ட் ஃபைலு இந்தா, என் மேசையிலதான் கெடக்கு. எட்டு வருசமாச்சுல்ல?”

இரண்டு புள்ளி என்றால் நூற்றுக்கு இரண்டு. ஐந்து கிராமில் அது பத்தில் ஒரு பங்கு கிராம். இரண்டு மிளகின் எடை. காய்ந்த கறி அவ்வளவு கூடுதலாக இருந்தது என்று எழுதினால், அந்த அளவுக்குத் தண்ணீர் குறைந்துபோகும். நான் எழுதினேன். பயந்துதான் எழுதினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம் இருந்தது. ஆனால் பேனாவை எடுத்தபோது என் கண்ணுக்குள் வந்து நின்றது, இலையில் உறைந்த அந்தக் கொழுப்பும் அந்த மெமோவும்தான்.

இயந்திரம் ஒன்று சொல்ல, என் பதிவேடு வேறு சொல்ல, அவர் முதலில் சந்தேகப்பட்டது இயந்திரத்தை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்கு முறை அரைக்கச் சொல்லி முருகேசனை அழவைத்தார். விளக்கைப் புதிதாக வரவழைத்து மாற்றினார். சென்னையிலிருக்கும் என்ஜினீயரோடு போனில் பேசிப் பேசி, அவர் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தார். அடுத்த திங்களும் அதே வித்தியாசம். அதற்கடுத்த திங்களும். தூங்காதவர்போல முகம் வாடிப்போனது. கடைசியில் ஒருநாள் காலை என் மேஜைக்கு வந்தார்.

“ஓவன் சூடு சரியா இருக்காக்கா?”

“இருக்கு மேடம்.”

“தராசு?”

“நேத்துதான் பாத்தேன்.”

என்னோடு வந்து பார்ப்பார் என்று நினைத்தேன். வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு தட்டை எடுத்துத் தானே எடை போட்டிருந்தால் போதும். யார் சொல்லையும் பார்க்காமல் ஒப்பாத அந்த மனுஷி, என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எட்டு வருசத்து ரிஜிஸ்டரையும் பாத்துட்டேன்க்கா. உங்க கை ஒருநாளும் பிசகினதில்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

போய் உட்கார்ந்து கட்டத்தைத் திறந்து எண்ணை மாற்றினார். காரணம் எழுதினார். கையெழுத்துப் போட்டார். நிறுத்தி வைத்திருந்த பேட்ச்சுகள் எல்லாம் லாரி ஏறின.

ஆறு வாரம் அப்படி ஓடியது. பிறகு வளைகுடா வியாபாரி ஒரு கன்டெய்னர் முழுவதையும் திருப்பி அனுப்புவதாகக் கடிதம் போட்டார். அவர்கள் சோதனையில் தண்ணீர் கூடுதலாக இருந்ததாம். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மேனேஜர், நான், அவர். கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது: என்ன மாற்றம், எந்த நேரம், யார் பாஸ்வேர்டு.

அவர் பதறவில்லை. “ஒவ்வொரு பேட்ச்லயும் ரெண்டு பாக்கெட் எடுத்து ஃப்ரீசர்ல வெச்சிருக்கோம் சார். அதை இப்பக் காய வெச்சுப் பாத்தா எது சரின்னு தெரிஞ்சிரும்” என்றார்.

நால்வரும் ஃப்ரீசருக்குப் போனோம். அவர் கதவைத் திறந்தார். தட்டு காலியாக இருந்தது. பாக்கெட்டுகள் இருந்த இடம் மட்டும் பனி படியாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கடிதம் வந்த செய்தி அவருக்குத் தெரியும் முன்பே மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லி, முந்தின நாள் நான்தான் எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக் கழிவுக் குழியில் கொட்டினேன். அங்கே சுண்ணாம்பு தூவிவிட்டால், பிறகு எதையும் எடுத்து அளக்க முடியாது.

அவர் ஒரு சதுரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“அக்கா, குழியில சுண்ணாம்பு போட்டாச்சா?”

“எனக்குத் தெரியாது மேடம்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்தது. மேனேஜர் அறைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் அந்த அதிகாரி நேரடியாகவே கேட்டார்: “யாராவது வேணும்னே ரிஜிஸ்டர்ல தப்பா எழுதியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா?”

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். மேடம் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த அதிகாரி நல்ல மனுஷர், தோண்டியிருப்பார்.

“நெனைக்கிறதை எப்படி சார் எழுதுறது? சாம்பிள் இருந்தா அளந்து சொல்லியிருப்பேன். இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

தாளை இழுத்து விளக்கம் எழுதினார்: எண்ணை மாற்றியது நான்தான். ஓவன் முடிவுகளை வைத்து மாற்றினேன். அந்த முடிவுகளை நான் நேரில் சரிபார்க்கவில்லை. அது என் தவறு. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு நீட்டினார். கொழுந்தனாருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று அவரிடம் கிடையாது. அந்தக் குணத்தில் எங்களுக்கெல்லாம் எரிச்சல். அன்றைக்கு அந்தக் குணம்தான் என்னைக் காப்பாற்றியது. அவரை முடித்துவிட்டது.

வாரக் கடைசியில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். தன் வெள்ளைக் கோட்டை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். யாரும் வாசல் வரை போகவில்லை. “இனிமே ஒரு தடவை அரைச்சாப் போதும்ல?” என்று முருகேசன் கேட்டார். போதும் என்றேன். அடுத்த மாதம் என்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். இயந்திரமும் என் பொறுப்புக்கு வந்தது. வேறு ஊர்க் கம்பெனிகளிலிருந்து அவரைப் பற்றி விசாரித்து இரண்டு முறை போன் வந்ததை நானே கேட்டேன். “ஆளு கெட்டிதான். ஆனா அளவை மாத்தி மாட்டுன ஆளு” என்று மேனேஜர் சொன்னார். இரண்டு முறையும் நான் அதே அறையில் ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் புதுக்கோட்டையில் ஒரு வேலை முடித்து மத்தியானம் இலுப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஏறினார். என் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. தயங்கவில்லை, வந்து உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கீங்களாக்கா? பாப்பா என்ன படிக்கிது?”

“ப்ளஸ் டூ மேடம். நீங்க?”

“ஒரு ஸ்கேன் சென்டர்ல டோக்கன் போடுறேன்.”

பஸ் நகரம் தாண்டும் வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. “நான்தான் மேடம். ரிஜிஸ்டர்ல மாத்தி எழுதினது நான்தான். சாம்பிளைக் கொட்டினதும் நான்தான்” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. “எத்தனை வாரம்?”

“ஒம்பது. நீங்க எண்ணை மாத்துறதுக்கு முன்னாடியே மூணு.”

“எல்லா நாளும் ரெண்டேதானா?”

“சில நாள் ஒண்ணரை. ஒங்களுக்குச் சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு.”

கண்ணை மூடினார். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. “அப்ப மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றார். “நான் வெளக்கை மாத்தியிருக்கவே வேணாம்.”

அறைவார் என்று எதிர்பார்த்தேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

“இதை எழுதித் தருவீங்களாக்கா? ரெண்டு வரி. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. திருச்சியில ஒரு லேப்ல வரச் சொல்லியிருக்காங்க. பழைய எடத்துல என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க. மாத்தினேன்னு சொல்ல முடியுது. எதனால மாத்தினேன்னு காட்டத்தான் எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

மகளின் காலேஜ், என் வேலை, மேனேஜர் முகம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

“பாக்குறேன் மேடம்” என்றேன்.

அவர் தலையசைத்தார். “என் நம்பர் பழைய நம்பர்தான்க்கா.” அன்னவாசல் வந்ததும் எழுந்து, படியில் நின்றிருந்த ஒரு பெரியவருக்கு வழிவிட்டு, இறங்கிப் போனார்.

அந்த நம்பர் என் போனில் இருக்கிறது. பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். திருச்சி வேலை இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும். அவர் கேட்டது இரண்டு வரி, எழுத ஐந்து நிமிஷம் ஆகாது. அதை விட்டுவிட்டு, அவருக்கு எதற்கும் பயன்படாத இத்தனை பக்கத்தை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். இதில் தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.